குளிக்கிற தண்ணீர்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. ஊருக்கு அவர் சக்கரம். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலைகிறவர் என்று யாரோ கிண்டலாக ஆரம்பித்து வைத்தது, நாளடைவில் கால் தேய்ந்துபோய்ச் சக்கரம் மட்டும் நின்றுவிட்டது. டீயை உட்கார்ந்து குடித்து யாரும் பார்த்ததில்லை. நின்றபடி வாங்கி, நடந்தபடி குடித்து, காலி டம்ளரைக் கண்ட இடத்தில் வைத்துவிடுவார். "டம்ளர் கெடக்கிற எடத்தையெல்லாம் கோடு போட்டுச் சேர்த்தா, இவர் அன்னிக்கு எங்கெங்க சுத்தினார்னு தெரிஞ்சுடும்" என்பாள் மனைவி.

ஊரின் பொது நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. காலையில் தண்ணீரில் மிதக்கும் இலையை வலையால் அள்ளுவது, பம்ப் அறையில் வடிகட்டியைக் கழுவுவது, பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றுவது, ஓரத்து டைல்ஸை நாரால் தேய்ப்பது. இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவர் அதில் நீந்தியதில்லை. சொல்லிக்கொடுக்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் மல்லாந்து மிதக்கச் சொன்னார்கள். "அசையாம படுத்திருக்கணுமாமே, அது நம்ம உடம்புக்கு ஆகாது" என்று கரையேறிவிட்டார்.

நீச்சல் குளத்தின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு. ஆறு என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மழைக்காலத்தில் தோள் உயரம் புரண்டு ஓடும், வெயில் காலத்தில் முழங்காலுக்கு வந்துவிடும். குளத்துத் தண்ணீரைக் காலி செய்யும் குழாய் மண்ணுக்கடியில் போய், பாலத்துக்குச் சற்று மேலே ஆற்றில் வாய் திறக்கும். பாலத்துக்குக் கீழே கரையோரம் ஒரு வாட்டர் சர்வீஸ் கொட்டகை. லாரியும் வேனும் காரும் அங்கே வந்து சோப்பு நுரையில் குளித்துவிட்டுப் போகும். நுரை கல்லிடுக்கு வழியாக ஆற்றில் இறங்கும். கொட்டகையை நடத்துகிறவளை ஊரே நுரையக்கா என்றுதான் கூப்பிட்டது.

வருடத்துக்கு ஒரு முறை குளத்தைக் காலி செய்வது வழக்கம். எப்போதும் அடைமழையில், ஆறு கலங்கி ஓடும்போது வால்வைத் திறப்பார்கள். திறந்துவிட்ட தண்ணீர் எங்கே போனது, என்ன ஆனது என்று யாரும் கேட்டதில்லை. சக்கரமும் கேட்டதில்லை.

அந்த வருடம் கோடையிலேயே திறக்க வேண்டியதாயிற்று. ஆழமில்லாத பக்கத்தில் டைல்ஸ் பெயர்ந்து ஒரு சிறுமியின் பாதத்தைக் கிழித்துவிட்டது. குளத்து மேனேஜர் பதறிப்போய் டைல்ஸ் மேஸ்திரியை உடனே வரச் சொல்லிவிட்டார். அதற்கு முன்தினம்தான் பள்ளிகளுக்கு இடையே போட்டி நடந்து முடிந்திருந்தது. கூட்டம் இறங்கி இறங்கித் தண்ணீர் லேசாகப் பச்சை தட்டியிருந்ததால் சக்கரம் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பிளீச்சிங் மருந்து போட்டிருந்தார். தண்ணீர் பளிச்சென்று, அடியில் கிடந்த ஊக்கு தெரியுமளவுக்குத் தெளிந்து நின்றது. அந்தத் தெளிவில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

"மேஸ்திரி வந்துட்டா நிக்கமாட்டார். இன்னிக்கே தொறந்து விட்டுடுங்க" என்றார் மேனேஜர்.

மத்தியானம் வால்வின் இரும்புச் சக்கரத்தைத் திருப்பினார். தொண்டை கனைப்பதுபோல ஒரு சத்தம், அப்புறம் தரைக்கடியில் தண்ணீர் இறங்கும் இரைச்சல். குளம் மொத்தமும் வடிய இரண்டு நாள் ஆகும்.

மறுநாள் காலை அவர் வீட்டு மாடிப்படி ஏறி மைத்துனர் வந்தார். மனைவியின் தம்பி. மின்விசிறி, மிக்ஸி ரிப்பேர் செய்யும் கடை வைத்திருப்பவர். கடைக்கு விடுமுறை என்றால் தூண்டிலோடு ஆற்றங்கரைதான். பாலத்தடியில் ஒரு கிழட்டுக் கெளுத்தி தன்னை ஏமாற்றிக்கொண்டிருப்பதாகச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

"மாமா, ஆத்துல மீனெல்லாம் வயித்தைக் காட்டிக்கிட்டு கெடக்கு. வந்து பாருங்க."

பாலத்தின் கைப்பிடிச் சுவரில் கூட்டம் சாய்ந்து நின்றது. கீழே வெள்ளை வெள்ளையாகக் கெண்டைகள். ஒன்றிரண்டு இன்னும் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. கரைச் சேற்றில் பொடி இறால்கள் தண்ணீரைவிட்டு வெளியே ஊர்ந்து வந்து அங்கேயே செத்திருந்தன. தண்ணீரில் பிறந்தவை தண்ணீருக்குப் பயந்து ஓடி வந்திருக்கின்றன என்று நினைத்ததும் சக்கரம் கைப்பிடிச் சுவரைவிட்டு ஒரு எட்டு பின்வாங்கினார். கொட்டகைப் பக்கமிருந்து வந்த நுரை, செத்த மீன்களைச் சுற்றி வட்டமடித்துக்கொண்டிருந்தது. இதற்குமேல் யாருக்கும் சாட்சி தேவைப்படவில்லை.

"நுரையக்கா வேலைதான்" என்றார் ஒருவர்.

"எத்தனை தடவை சொல்லியாச்சு!" என்றார் எதுவுமே சொல்லியிராத இன்னொருவர்.

நுரையக்கா ரப்பர் பூட்ஸோடு, தண்ணீர் பீய்ச்சும் துப்பாக்கியைக் கையிலிருந்து இறக்காமலே கொட்டகை வாசலில் நின்றாள். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். "இத்தனை வருஷமா இதே சோப்பு, இதே நுரை. நேத்து வரைக்கும் சாகாத மீன் இன்னிக்கு மட்டும் எப்படிச் செத்துச்சு? அதைச் சொல்லுங்க முதல்ல!"

அந்தக் கேள்வி சக்கரத்தின் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவருக்கு ஒரே இடத்தில் நிற்க முடியாதே, கூட்டத்திலிருந்து நழுவிப் பாலத்தின் அந்தப் பக்கம் போனார். சரிவில் இறங்கினார். எல்லாரும் கொட்டகைக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கொட்டகைக்கு மேலே நடந்தார்.

அங்கேயும் மீன்கள் மிதந்தன. நுரை எதிர்த்து ஏறாது.

இன்னும் கொஞ்சம் மேலே, குழாய் வாயிலிருந்து தண்ணீர் கண்ணாடிபோல விழுந்துகொண்டிருந்தது. ஊரில் அதைவிடச் சுத்தமான தண்ணீர் கிடையாது. அதன் கீழே இருந்த கற்கள் எப்போதும் பாசி படிந்து, கால் வைத்தால் வழுக்கும். இப்போது அவை புளி போட்டுத் தேய்த்த பாத்திரம்போல வெளுத்துக் கிடந்தன. கல்லில் ஒட்டியிருந்த நத்தைகள் பிடி விட்டு அடியில் குவிந்திருந்தன. தண்ணீருக்கு மேலே பம்ப் அறையின் பிளீச்சிங் வாசனை. குழாயைத் தாண்டி நாலைந்து எட்டு மேலே போனார். அங்கே விரல் நீள மீன்கள் எதிர்நீரில் மூக்கை நீட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல வாலை ஆட்டிக்கொண்டிருந்தன.

குழாய்க்கு மேலே உயிர். குழாய்க்குக் கீழே சாவு.

செருப்பு ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டதைக்கூட எடுக்காமல் ஓடினார். பம்ப் அறைக்குப் போய் வால்வை இறுக்கி மூடினார். குளத்தில் இன்னும் பாதித் தண்ணீர் இருந்தது. காலை வெயிலில் நீலமாக, அப்பாவியாக ஆடிக்கொண்டிருந்தது.

மேனேஜர் இளவயதுக்காரர். வேலைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. சக்கரம் மூச்சு வாங்கச் சொன்னதைக் கேட்டு முதலில் சிரித்தார், அப்புறம் எழுந்து கதவைச் சாத்தினார்.

"குளிக்கிற தண்ணிங்க அது. நம்ம பசங்க வாயில போற தண்ணி. அதுலயா மீன் சாகும்?"

"அது எனக்குத் தெரியல சார். ஆனா குழாய்க்கு மேல நீந்துது, கீழ செத்துக் கெடக்கு."

"நீங்க பாட்டுக்கு வெளியில சொன்னீங்கன்னா, நாளைக்கு எந்த அம்மா புள்ளையை இங்க அனுப்புவா? குளத்தையே இழுத்து மூடிட்டுப் போயிடுவாங்க. ரெண்டு நாள் சும்மா இருங்க. எல்லாம் அடங்கிடும்."

"மீதித் தண்ணி?"

மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார். "மேஸ்திரி நாளைக்கு வர்றார். அதுக்குள்ள காலி ஆகணும்."

சும்மா இரு என்று அவரிடம் யார் சொன்னாலும் அது காரியமாகாது என்பது மேனேஜருக்கு இன்னும் பழகவில்லை. சக்கரம் பம்ப் அறைக்குத் திரும்பினார். ஸ்பேனரை எடுத்து வால்வின் தலையில் இருந்த இரும்புச் சக்கரத்தைக் கழற்றினார். தோள்பையில் போட்டார். வீட்டுக்கு நடந்தார். பை ஒரு பக்கமாக இழுத்ததில் தெருவெல்லாம் சாய்ந்து சாய்ந்தே நடந்தார்.

வீடு என்பது மாடியில் ஓர் அறையும் அதை ஒட்டிய சமையல் இடமும். மனைவி ஜன்னலோரம் தையல் மிஷினில் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். கணவர் அந்த நேரத்துக்கு வந்ததையும் ஒற்றைச் செருப்போடு வந்ததையும் பார்த்தாள்.

"பையில என்னங்க?"

எடுத்துக் காட்டினார்.

"ஊரே சக்கரம் சக்கரம்னு கூப்பிடறது பத்தலைன்னு ஒண்ணைத் தூக்கிட்டே வந்துட்டீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. கட்டிலுக்கும் கதவுக்கும் இடையே நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். பாதியில் மிஷின் நின்றுவிட்டது. கால் பெடலில் இருந்தபடியே இருந்தது.

"யார்கிட்ட சொன்னீங்க இதை?"

"மேனேஜர்கிட்ட."

"நுரையக்காகிட்ட?"

அவர் ஜன்னல் வரை போய்த் திரும்பினார்.

"அப்போ சொல்லவேண்டிய எடத்துல சொல்லல" என்றாள்.

"வேலை போயிடும்."

"போனா பாத்துக்கலாம்னு சொல்றதுக்கு நான் என்ன சினிமாவுலயா இருக்கேன்? போனா கஷ்டம்தான். எனக்கும் பயமாத்தான் இருக்கு." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ஆனா இப்படியே இந்த ரூமுக்குள்ள நடந்துக்கிட்டு இருந்தீங்கன்னா, கீழ்வீட்டுக்காரங்க நம்மளைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க."

அன்று அவர் போகவில்லை. போகிறேன் என்று சட்டையை மாட்டினார், கழற்றினார். மத்தியானம் தெருவில் சத்தம் கேட்டபோது ஜன்னலுக்குப் போனார், பார்க்கவில்லை. கொட்டகையின் ரப்பர் குழாயை யாரோ துண்டு துண்டாக வெட்டிப் போட்டுவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. இரவு படுத்தார், புரண்டார். தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டதும் எழுந்துபோய்க் குழாயை மூடினார். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

காலையில் மனைவியிடம் எதுவும் சொல்லாமல் கிளம்பினார். தோள்பையை இறக்கி வைக்கத் தோன்றவில்லை, அதுவும் கூடவே வந்தது.

கொட்டகை வாசலில் நேற்றைவிடப் பெரிய கூட்டம். மைத்துனர் ஏணியில் ஏறி, கொட்டகைக்கு வரும் மின்கம்பியைக் கழற்றிக்கொண்டிருந்தார். நுரையக்கா ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். கத்தவில்லை. அதுதான் சக்கரத்துக்குத் தாங்கவில்லை.

"மாப்ள, கீழ எறங்கு."

"நீங்க இதுல தலையிடாதீங்க மாமா. ஆறு செத்துப்போச்சு."

"அதைத்தான் சொல்ல வந்தேன். மீனைக் கொன்னது நான்."

ஒருவர் சிரித்தார், நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

"நீயா? எலிப்பொறியையே திறந்து விடற ஆளு நீ!"

"குளத்துத் தண்ணியைத் தொறந்து விட்டேன். மருந்துத் தண்ணி."

"அடப் போய்யா. என் பேரன் அந்தத் தண்ணியைத்தான் குடிச்சுக் குடிச்சு நீந்திட்டு வர்றான். கல்லு மாதிரி இருக்கான்."

பேசிப் புரியவைக்கிற சாமர்த்தியம் அவருக்கு எப்போதும் இருந்ததில்லை. நடக்கத்தான் தெரியும். நடந்தார். பாலத்தடியில் இறங்கி, ஆற்றோரமாக மேலே போனார். முதலில் மைத்துனர் ஏணியிலிருந்து இறங்கிப் பின்னால் வந்தார், அப்புறம் ஒவ்வொருவராக. குழாய் வாயில் தண்ணீர் நின்றுபோயிருந்தது. ஆனால் வெளுத்த கற்கள் அப்படியே கிடந்தன. நத்தைக் குவியல் வாடையடிக்க ஆரம்பித்திருந்தது. மைத்துனர் ஒரு கல்லைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். பக்கத்திலிருந்தவரிடம் நீட்டினார். கல் கைக்குக் கை போயிற்று. சிரித்தவர்தான் கடைசியாக வாங்கினார், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

நுரையக்கா எல்லாருக்கும் பிறகு வந்தாள். கல்லைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"நேத்து காலைல."

"நேத்து காலைல தெரிஞ்சவன், மத்தியானம் என் குழாயை வெட்டும்போது எங்கடா இருந்தே?"

"வீட்டுல. நடந்துக்கிட்டு இருந்தேன்க்கா."

"நட" என்றாள். "இன்னும் நல்லா நட." திரும்பி, ரப்பர் பூட்ஸ் சேற்றில் சளக் சளக்கென்று ஒலிக்க, கொட்டகைக்குப் போய்விட்டாள். கூட்டம் வழி விட்டது. யாரும் யாரையும் பார்க்காமல் கலைந்தார்கள்.

நகராட்சியிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். பாட்டிலில் ஆற்றுத் தண்ணீரையும் குளத்துத் தண்ணீரையும் பிடித்துக்கொண்டார். விசாரணை என்றதும் சக்கரம் இரும்புச் சக்கரத்தை மேஜைமேல் வைத்து, திறந்தது தான்தான் என்றார். அப்போது மேனேஜர் எழுந்து நின்றார். முகம் கழுத்துவரை சிவந்திருந்தது. "தொறக்கச் சொன்னது நான் சார். மீதியையும் விடச் சொன்னேன். இவர்தான் விடல." அவரிடமிருந்து அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. அவரே எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை.

வேலை போகவில்லை. அவரைப் பம்ப் அறையிலிருந்து எடுத்து, வாசல் கேட்டில் உட்கார வைத்தார்கள். மீதித் தண்ணீரை மருந்து போடாமல் வெயிலில் அப்படியே விட்டுவைப்பது, மருந்தின் வீரியம் போன பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வடிப்பது என்று அதிகாரி எழுதிக்கொடுத்தார். மேஸ்திரி திட்டிக்கொண்டே வேறு வேலைக்குப் போய்விட்டார். அந்தக் கோடை முழுக்க நீச்சல் குளம் மூடிக்கிடந்தது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த பிள்ளைகள் பூட்டைப் பார்த்துவிட்டு, கேட்டில் உட்கார்ந்திருந்தவரை முறைத்துவிட்டுப் போனார்கள். "மீனுக்காம்!" என்று ஒன்று சொல்லும், மற்றதெல்லாம் சிரிக்கும்.

வேறு எந்தத் தண்டனை கொடுத்திருந்தாலும் அவர் தாங்கியிருப்பார். செய்ய ஒன்றுமில்லாமல் காத்திருப்பது அவரைத் தின்றது. ஸ்டூலில் உட்காருவார், எழுவார், கேட்டின் கம்பிகளைத் துடைப்பார், துடைத்ததையே மறுபடி துடைப்பார். தினமும் மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு போய் ஒரு சின்னக் குப்பியில் குளத்துத் தண்ணீரை மொண்டு, பிளீச்சிங் இன்னும் மிச்சமிருக்கிறதா என்று சோதிக்கிற சொட்டை விட்டுப் பார்ப்பார். முதலில் நல்ல மஞ்சளாக மாறியது. அப்புறம் வெளிறிய மஞ்சள். தண்ணீர் நீலம் விட்டுப் பச்சையாகிக்கொண்டே வந்தது. நீர்ப்பூச்சிகள் மேலே சறுக்கின, எங்கிருந்தோ தவளைகள் வந்து படிக்கட்டில் குடியேறின.

"இத்தனை நாள் பேருக்குத்தான் குளம். இப்பத்தான் நெஜமாவே குளமாயிருக்கு" என்றார் மேனேஜர். சிரிக்கலாமா என்று தெரியாமல் இருவரும் சிரித்தார்கள்.

குப்பியில் நிறமே மாறாத நாள் ஒன்று வந்தது. மேனேஜர் கூப்பிட்டு அவரையே திறக்கச் சொன்னார். இரும்புச் சக்கரத்தை மறுபடி மாட்டி, வால்வைத் துளி அளவுதான் திருப்பினார். நூல்போல இறங்கியது தண்ணீர். பம்ப் அறைக்கும் குழாய் வாய்க்கும் இடையே ஓடி ஓடிப் பார்த்தார். அவர் மனைவி சாப்பாட்டைத் தூக்கோடு கொண்டுவந்து, எந்தப் பக்கம் இருக்கிறார் என்று தெரியாமல் நடுவிலேயே நின்றாள்.

மைத்துனர் பல நாள் அவரோடு பேசவில்லை, வெட்கம்தான். ஆனால் ஒரு காலை, கொட்டகைக்குப் போய் மின்கம்பியை மாட்டி, புதுக் குழாயைப் பம்ப்பில் பொருத்தினார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. நுரையக்கா பக்கத்திலேயே நின்று, அவர் முடுக்கிய ஒவ்வொரு போல்ட்டையும் சரியில்லை என்று மறுபடி முடுக்க வைத்தாள். அதற்கப்புறம் கொட்டகைக்கும் ஆற்றுக்கும் நடுவே குழி தோண்டி ஜல்லியும் மணலும் கொட்டினாள். நுரையும் எண்ணெயும் அதில் நின்றன. சக்கரம் அந்தப் பக்கம் போகும்போது தயங்கி நின்று பார்த்தார்.

"என்ன பாக்கறே? உனக்காக ஒண்ணும் தோண்டல" என்றாள். "அன்னிக்கு அத்தனை பேரும் என் நுரையைப் பாத்தாங்க. அவங்களோட சேர்ந்து நானும் பாத்தேன். பாக்கச் சகிக்கல."

அவரோடு அவள் பேசியது அவ்வளவுதான். பழைய மாதிரி "ஏ சக்கரம், டீ சாப்பிட்டுப் போ" என்று கூப்பிடவில்லை. இன்றுவரை கூப்பிடவில்லை.

மழை வந்தது, ஆறு புரண்டது, தணிந்தது. மேலேயிருந்து பொடி மீன்கள் இறங்கி வந்தன. கற்களில் மெல்லிய பச்சை ஏறியது. நத்தைகள் வரவில்லை. மைத்துனரின் கிழட்டுக் கெளுத்தியும் வரவில்லை. அவர் தூண்டிலைப் போட்டுவிட்டு, மிதவையைப் பார்க்காமல் எங்கோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சக்கரம் தினமும் வேலைக்கு முன் ஆற்றுக்குப் போய்வந்தார். என்ன பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஒருநாள் மனைவியும் கூடவே வந்தாள். குழாய்க்கு எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்தாள்.

"உக்காருங்க. நீங்க நின்னா நெழல் விழுந்து எல்லாம் ஓடிடும்."

உட்கார்ந்தார். தொடை ஆடிக்கொண்டே இருந்தது. அவள் அதன்மேல் கையை வைத்து அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து ஒரு மீன் கூட்டம் வந்தது. விரல் நீளம், வெயிலில் திரும்பும்போது மட்டும் மின்னியது. குழாய் வாய்க்கு அருகே வரை வந்தவை, அங்கே ஏதோ சுவர் இருப்பதுபோல ஒரு வெட்டு வெட்டித் திரும்பிவிட்டன.

"ஏன் திரும்பிடுச்சு?" என்றார்.

"மீன்னா திரும்பாதா?"

அவர் அதற்குள் எழுந்துவிட்டார். பேன்ட்டை மடிக்காமலே முழங்கால் ஆழத்தில் இறங்கி, குழாய்க்குக் கீழே இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி மூக்கருகே கொண்டுபோனார். மறுபடி அள்ளினார்.

"வாசனை வருதா?" என்று கரையிலிருந்து கேட்டாள்.

"வருது. தண்ணியா, என் கையான்னுதான் தெரியல."

அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானும் இறங்கினாள். தன் கையால் தண்ணீர் அள்ளி நெடுநேரம் முகர்ந்தாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வெறும் ஆத்துத் தண்ணிதான்" என்றாள்.

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேங்க."

அவர் தலையாட்டினார். கரையேறி, ஈரக்காலோடு வேலைக்கு நடந்தார்.